காலில் ரத்தக்குழாய் அடைப்பு: சுரண்டி எடுப்பதா, பலூனா, பைபாஸா, முதலில் நடையா?

கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய்க்குள் சிகிச்சை செய்கிற அறையில், வேலை முடிந்து கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை வெளியே எடுத்ததும், அதன் முனையில் இருக்கும் சின்னக் கூட்டைத் திறந்து உப்புநீர்க் கிண்ணத்தில் அலசுவோம். உள்ளே திணிந்து கிடந்த சீவல்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். மஞ்சளும் வெள்ளையுமாக, தேங்காய்ச் சில்லைச் சீவிப் போட்டது மாதிரி இருக்கும். கையுறை விரலால் தொட்டால் சிலது ரப்பர் போல வழுக்கும், சிலது மணலாக நெருடும். அந்த மணல்தான் சுண்ணாம்பு. சில டாக்டர்கள் கிண்ணத்தை வெளியே காத்திருக்கும் வீட்டாரிடம் காட்டச் சொல்வார்கள். நான் பல முறை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். "இவ்வளவும் கால்லயா இருந்துச்சு? சுத்தமா எடுத்துட்டீங்கல்ல சிஸ்டர், இனி பயமில்லையே?" என்று கேட்பார்கள்.

18 வருடமாக இந்த வேலையில் செவிலியராக இருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியைக் கெடுக்க மனம் வராது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் "ஆமாம்" என்று சொல்ல முடியாது. அதற்கான முழுப் பதிலைச் சிகிச்சைக்கு முன்பே, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை எடுத்துவிடலாம். ரத்தக்குழாய் அடைப்பு என்றதும் எல்லோருக்கும் வீட்டுத் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வருகிறது. பாசியும் உப்பும் படிந்திருக்கும், கம்பியை விட்டுக் குத்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று. ரத்தக்குழாய் அப்படி இல்லை. கொழுப்பு, குழாயின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை. குழாய்ச் சுவரின் தோலுக்கு அடியில், சுவருக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. அதைச் சுரண்டினால் உயிருள்ள சுவரையும் சேர்த்துத்தான் சுரண்டுகிறோம். காயம் பட்ட சுவர் ஆறும்போது தழும்பு போடும். அந்தத் தழும்பே சில மாதங்களில் வழியைத் திரும்பக் குறுக்கலாம். அடைப்புக்குள் பலூனை ஊதி விரித்தாலும் இதே கதைதான், ஸ்டென்ட் என்ற கம்பி வலைக் குழாயை வைத்தாலும் இதே கதைதான். எதுவும் ஒருமுறை செய்து முடித்துவிடுகிற வேலை இல்லை.

அதனால் "சுரண்டி எடுப்பது பாதுகாப்பானதா?" என்று கேட்டால், கருவியைப் பார்த்து என்னால் பதில் சொல்ல முடியாது. உங்கள் காலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எந்தக் கால் உங்களுடையது?

கால் அடைப்போடு வருகிறவர்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். இந்தப் பிரிவு புரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

ஒருவர் விசைத்தறிப் பட்டறைக்காரர், 58 வயது. பேருந்து நிறுத்தத்திலிருந்து பட்டறைக்கு நடந்தால் 200 மீட்டரில் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். ஒரு டீக்கடை ஓரமாக நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடப்பார், மறுபடி பிடிக்கும். உட்கார்ந்திருக்கும்போது வலி இல்லை, புண் இல்லை. இது முதல் வகை.

இன்னொருவர் சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டி. செருப்பு கடித்து வந்த சின்னப் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. இரவில் படுத்தால் பாதம் காந்தும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் அடங்கும். சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்திருந்தது. இது இரண்டாவது வகை.

இரண்டு பேருக்கும் சாயம் ஏற்றி எடுக்கிற ஆஞ்சியோ படத்தில் ஒரே மாதிரி அடைப்பு தெரியலாம். ஆனால் அபாயம் வேறு வேறு. முதல் வகையில் 100 பேரை எடுத்துக்கொண்டால், ஐந்து வருடத்தில் காலை இழக்க நேருவது ஒன்றிலிருந்து மூன்று பேர் வரைதான். அவர்களுக்குப் பெரிய பயம் காலைப் பற்றி இல்லை, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பற்றித்தான் இருக்க வேண்டும். காலில் படிந்தது நெஞ்சிலும் கழுத்திலும் படிந்திருக்கும். இரண்டாவது வகையில், ரத்த ஓட்டத்தை மீட்காமல் விட்டால் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காலை இழக்கிறார், ஐந்தில் ஒருவர் உயிரையே இழக்கிறார். முதல் ஆளுக்கு யோசிக்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. பாட்டிக்கு நாட்கணக்கில்தான்.

இந்த வித்தியாசத்தை அளக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது, வலியே கிடையாது. ஆளைக் கால் நீட்டிப் படுக்க வைத்து, பத்து நிமிடம் ஓய்வு கொடுத்து, கணுக்காலுக்கு மேலே பிரஷர் பட்டையைச் சுற்றுவேன். கணுக்காலின் உள்பக்கம் கொஞ்சம் ஜெல் தடவி, பேனா மாதிரி இருக்கும் டாப்ளரை வைத்தால் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். நல்ல குழாய் சாட்டை சொடுக்குவது போல டப்பென்று அடித்துத் திரும்பும். அடைப்புக்குக் கீழே உள்ள குழாய் தூரத்துக் காற்று மாதிரி "ஹூம்... ஹூம்..." என்று இழுக்கும். பட்டையை ஊதி, சத்தம் நின்று மறுபடி வரும் அளவைக் குறித்துக்கொண்டு கையில் எடுத்த அளவால் வகுக்க வேண்டும். பட்டறைக்காரருக்குக் கையில் 140, கணுக்காலில் 78. வகுத்தால் 0.56. 0.9க்குக் கீழே போனாலே அடைப்பு என்று அர்த்தம், 0.4க்குக் கீழே என்றால் மோசம்.

சர்க்கரைக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு இறுகிப்போனால் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் குழாய் அமுங்காது. எண் 1.4க்கு மேலே போய் எல்லாம் நன்றாக இருப்பது போலக் காட்டும். அதை நம்பிவிடக் கூடாது. அவர்களுக்குக் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். புண் இருக்கிற காலில் அது 30க்குக் கீழே என்றால் தாமதிக்க நேரம் இல்லை. நடக்க முடியவில்லை என்று வந்தவரை இந்தச் சோதனைகூடப் பார்க்காமல் நேராக ஆஞ்சியோ மேசையில் ஏற்றினால், ஏன் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

நடந்தால் மட்டும் வலி என்றால்

இவர்களுக்கு முதல் மருந்து நடைதான். ஏதோ பொத்தாம்பொதுவாகச் சொல்கிற "வாக்கிங் போங்க" இல்லை. வாரத்தில் குறைந்தது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம், வலி வரும் வரை நடந்து, நின்று, அடங்கியதும் மறுபடி நடந்து, இப்படி 12 வாரம். வலி வந்ததும் பயந்து நிறுத்திவிடக் கூடாது. அந்த வலி காலைக் கெடுப்பதில்லை. தசை கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொள்ளும்.

2012-ல் அமெரிக்காவில் கிளெவர் என்ற ஆய்வின் முடிவு வந்தது. இடுப்புக் குழாயில் அடைப்பு உள்ள 111 பேரில் ஒரு பகுதிக்கு ஸ்டென்ட், ஒரு பகுதிக்குப் பயிற்சியாளர் மேற்பார்வையில் நடை, மீதிப் பேருக்கு மருந்து மட்டும். ஆறு மாதம் கழித்து ட்ரெட்மில்லில் நடக்க வைத்தபோது, நடைப்பயிற்சிக்காரர்கள் முன்பைவிடச் சராசரியாக 5.8 நிமிடம் கூடுதலாக நடந்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் 3.7 நிமிடம். மருந்து மட்டும் எடுத்தவர்கள் 1.2 நிமிடம். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தங்கள் வாழ்க்கை எவ்வளவு மேம்பட்டது என்று கேட்டபோது ஸ்டென்ட் வைத்தவர்களே அதிகத் திருப்தி சொன்னார்கள். அதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் தொடையில் ஓட்டை போடாமல், சாயம் ஏற்றாமல் இவ்வளவு கிடைக்கிறது என்றால் அதை முதலில் முயற்சி செய்யாமல் இருப்பது எனக்கு மனசு கேட்காத விஷயம்.

நடையோடு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள். சிலோஸ்டசால் என்ற மாத்திரை நடக்கும் தூரத்தைக் கூட்டும், ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. அப்புறம் பீடி, சிகரெட். அதை விடாமல் எந்தச் சிகிச்சை செய்தாலும் குழாய் திரும்ப அடைத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறேன்.

இங்கே இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை. 30, 35 வயதில் பீடி குடிக்கிறவர்களுக்குக் கால் விரல், கை விரல் கறுத்து வந்தால் அது பெரும்பாலும் பர்ஜர் நோய். அதில் அடைத்திருப்பது கொழுப்பே இல்லை, அழற்சியும் ரத்தக்கட்டியும். சுரண்டி எடுக்க அங்கே எதுவும் கிடையாது. புகையிலையை அடியோடு நிறுத்துவதுதான் அதற்கு முதல் வைத்தியம். நிறுத்தினவர்களுக்கு விரல் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"இப்பவே எடுத்துட்டா பின்னாடி கால் போகாதுல்ல?" என்று பலர் கேட்கிறார்கள். இதுதான் மக்களை மேசையில் ஏற்றுகிற பயம். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது: நடக்கும்போது மட்டும் வலி உள்ளவர்களுக்கு, நோய் முற்றாமல் தடுப்பதற்காக மட்டும் கத்தீட்டர் சிகிச்சை செய்யக் கூடாது, அது தீங்கு. மூன்று மாதம் நடந்தும் மருந்து எடுத்தும் வேலைக்கே போக முடியவில்லை என்றால், அப்போது சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். அப்போதும், பலன் குறைந்தது இரண்டு வருடம் நிற்பதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று ரத்தநாள அறுவை மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு 2015-ல் வரையறுத்தது. உங்கள் டாக்டரிடம் அந்த இரண்டு வருடக் கேள்வியைக் கேளுங்கள்.

சுரண்டும் முறையும் அதன் ஆபத்தும்

டாக்டர்கள் இதை அதெரெக்டமி என்பார்கள். பெரும்பாலும் தொடை இடுக்கில் சின்ன ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டி அனுப்பி, அதன் மேல் கருவியை ஓட்டுவார்கள். கருவிகளில் நான்கு குடும்பம். ஒன்று, பக்கவாட்டில் பிளேடு வைத்தது. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் சீவி, சீவலை மூக்கிலேயே சேர்த்துக்கொள்ளும். நான் கிண்ணத்தில் அலசுவது அதைத்தான். இரண்டாவது, வைரத்தூள் பதித்த குமிழ் மையம் விலகிச் சுழன்று சுண்ணாம்பைத் தேய்ப்பது. வேகம் நிமிடத்துக்கு 60,000 முதல் 1,20,000 சுற்று. தேய்த்த தூள் ரத்தத்தோடு போய்விடும். மூன்றாவது, முன்னால் துளைத்துக்கொண்டே போய், தூளை உறிஞ்சிக்கொள்வது. நான்காவது லேசர், புற ஊதா ஒளியால் அடைப்பை ஆவியாக்குவது.

இவற்றில் பெரிய ஆபத்து இரண்டு. சீவியது நழுவிக் கீழே ஓடிப் பாதத்துக் குழாயை அடைப்பது. குழாய்ச் சுவரில் ஓட்டை விழுவது. பிளேடு கருவியை வைத்து 800 பேரிடம் நடந்த டெஃபினிட்டிவ் எல்இ என்ற ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அதில் 3.8 சதவீதம் பேருக்குத் துண்டு கீழே ஓடியது, 5.3 சதவீதம் பேருக்குச் சுவரில் ஓட்டை விழுந்தது, 2 சதவீதம் பேருக்குக் குழாய் அந்த இடத்திலேயே திடீரென மூடிக்கொண்டது. ஒரு வருடம் கழித்து, நடக்கும்போது வலி உள்ளவர்களில் 78 சதவீதம் பேருக்குக் குழாய் திறந்தே இருந்தது. புண்ணோடு வந்தவர்களில் 95 சதவீதம் பேருக்குக் கால் பிழைத்தது. நல்ல எண்கள்தான். ஆனால் அந்த ஆய்வைக் கருவி நிறுவனமே செலவு செய்து நடத்தியது, பலூன் மட்டும் போட்ட இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடவும் இல்லை. எனவே "நன்றாக வேலை செய்தது" என்று சொல்லலாம். "பலூனைவிட நன்றாக" என்று சொல்ல அதில் ஆதாரம் கிடையாது.

3.8 என்பது தாளில் சின்ன எண். மேசையில் அது எப்படி இருக்கும் தெரியுமா? சிகிச்சை நடக்கும்போது பாதத்தை நாங்கள் துணி போட்டு மூட மாட்டோம், பார்த்துக்கொண்டே இருப்போம். துண்டு ஓடினால் பாதம் நிமிடங்களில் மெழுகு மாதிரி வெளுக்கும். நோயாளி விழித்துத்தான் இருப்பார். "சிஸ்டர், கால் மரத்துப் போகுது" என்பார். பிறகு டாக்டர் உறிஞ்சு குழாயைக் கீழே அனுப்பி அந்தத் துண்டைத் தேட வேண்டும். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். ஓட்டை விழுந்தாலும் பெரும்பாலும் பலூனை நீண்ட நேரம் ஊதி வைத்தோ, உறை போட்ட ஸ்டென்ட் வைத்தோ அடைத்துவிடலாம். பெரும்பாலும். நடந்தால் வலி என்று மட்டும் வந்த ஒருவருக்கு இப்படி ஒன்று நேர்ந்து, வந்ததைவிட மோசமான காலோடு போனால், அதை அந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்படி ஒரு நாள் எங்களுக்கும் வந்திருக்கிறது.

கீழே ஓடுவதைப் பிடிக்கக் குட்டிக் குடை மாதிரி ஒரு வடிகட்டியை முன்கூட்டியே கீழே விரித்து வைக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் பிளேடு ஓட்டும்போது இது முக்கியம். "வடிகட்டி போடுவீங்களா?" என்பது கேட்க வேண்டிய கேள்வி.

சரி, பலூனோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? உலகம் முழுதும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2020-ல் இதை எடுத்தது. கிடைத்தது மொத்தம் ஏழு ஆய்வு, 527 பேர். குழாய் திறந்திருப்பதிலோ, இறப்பிலோ, இதயச் சிக்கல்களிலோ தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. சுரண்டியவர்களுக்கு அவசர ஸ்டென்ட் வைக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்று அவர்களே எழுதினார்கள். 2019-ல் அமெரிக்கப் பதிவேடு ஒன்றிலிருந்து 16,838 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஐந்து வருடத்தில் காலுக்குப் பெரிய பாதிப்பு நேர்ந்தது சுரண்டியவர்களில் 38 சதவீதம், பலூனில் 33, ஸ்டென்ட்டில் 32. இது, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை. கடினமான கால்கள்தான் சுரண்டலுக்குப் போயிருக்கலாம். ஆனால் சுரண்டல் நீண்டகாலத்தில் காலைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு, இந்தக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கென்று இடங்கள் உண்டு. முழங்காலுக்குப் பின்னால் போகும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சம்மணம் போட்டு உட்காருகிறோம், குந்தி உட்காருகிறோம். ஒவ்வொரு முறையும் அது மடங்கும். அங்கே ஸ்டென்ட் வைத்தால் கம்பி முறியலாம். ஸ்டென்ட் இல்லாமல் முடிக்க அங்கே சுரண்டல் உதவலாம். அடுத்து, பலூனே உள்ளே போக முடியாத, போனாலும் விரிய முடியாத கல் போன்ற சுண்ணாம்பு. அப்புறம் பழைய ஸ்டென்ட்டுக்குள் தழும்பு வளர்ந்து அடைத்தது. இந்தக் கடைசி வகைக்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. 2015-ல் வந்த எக்ஸைட் ஆய்வில் 250 பேரில், லேசரும் பலூனும் சேர்த்துப் போட்டவர்களில் 73.5 சதவீதம் பேருக்கு ஆறு மாதம் வரை அதே இடத்தில் மறு சிகிச்சை தேவைப்படவில்லை. பலூன் மட்டும் போட்டவர்களில் அது 51.8 சதவீதம்தான். முதல் மாதத்துச் சிக்கல்களும் லேசர் பக்கம் குறைவு: 5.8க்கு எதிராக 20.5. ஆக, ஒரே வகைக் கருவி, காலின் ஒரு சூழ்நிலையில் தேவையில்லாத ஆபத்து, இன்னொன்றில் பலூனைவிடப் பாதுகாப்பு.

பலூனையும் ஸ்டென்ட்டையும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வெறும் பலூன் மலிவு, எளிது, ஆனால் தொடையில் நீளமான அடைப்பு என்றால் சீக்கிரம் சுருங்கும். ஸ்டென்ட் அங்கே நன்றாக நிற்கும். மருந்து தடவிய பலூன் இரண்டுக்கும் நடுவில். உள்ளே எதையும் விடாமல், தழும்பு வளர்வதைத் தாமதப்படுத்தும். அந்த மருந்தால் இறப்பு கூடுகிறதோ என்று 2018 இறுதியில் ஒரு பயம் கிளம்பியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. பிறகு கூடுதல் தரவுகளைப் பார்த்துவிட்டு, அப்படி அபாயம் இருப்பதாகக் காட்டவில்லை என்று 2023 ஜூலையில் அதே அமைப்பு சொன்னது. சுரண்டிவிட்டு இந்தப் பலூனைப் போட்டால் இன்னும் நல்லதா? 102 பேரிடம் பார்த்த சிறிய ஆய்வில் ஒரு வருட முடிவில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

புண் இருக்கிற கால்

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நடைப்பயிற்சி பற்றிப் பேசவே கூடாது. ரத்தத்தைப் பாதத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். கேள்வி கத்தீட்டரா, அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு வேறு வழி போடும் பைபாஸ் அறுவையா என்பதுதான்.

பைபாஸ் என்றதும் வீட்டில் எல்லோரும் "வயசான காலத்துல அறுவை எதுக்கு" என்று பின்வாங்குவார்கள். புரிகிறது. ஆனால் 2022-ல் வந்த பெஸ்ட் சிஎல்ஐ ஆய்வு நிறையப் பேரை யோசிக்க வைத்தது. 1,830 பேர். தொடை உள்பக்கத்து நீளச் சிரை நல்ல நிலையில் இருந்து, அதை எடுத்துப் பைபாஸ் செய்தவர்களில் 42.6 சதவீதம் பேருக்குப் பெரிய கால் பாதிப்போ இறப்போ நேர்ந்தது. அதே நிலையில் கத்தீட்டர் வழியே போனவர்களில் 57.4 சதவீதம். நல்ல சிரை இல்லாதவர்களிடம் இரண்டுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. மறு வருடம் பிரிட்டன் தலைமையில் நடந்த பேசில் 2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ள 345 பேரிடம் எதிர்மாறாகக் கண்டது: பைபாஸ் கூட்டத்தில் 63 சதவீதம் பேர் காலையோ உயிரையோ இழந்தார்கள், கத்தீட்டர் கூட்டத்தில் 53.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: அடைப்பு எங்கே, சிரை எப்படி, ஆள் அறுவையைத் தாங்குவாரா என்ற மூன்றையும் பார்க்காமல் ஒரு பக்கம் சாய்வது தவறு. சிரை ஸ்கேன் அரை மணி நேர வேலை. அதைக்கூடச் செய்யாமல் "பைபாஸ் முடியாது" என்று சொன்னால் ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். காலை எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள். கத்தீட்டர்தான் என்று முடிவானால், இங்கே சுரண்டலின் ஆபத்தை ஏற்கலாம். எதிரே இருக்கிற ஆபத்து கால் போவது. ஆனால் பாதத்துக்கு ஒரே ஒரு குழாய்தான் ஓடுகிறது என்றால், அதில் ஒரு துண்டு சிக்கினால் எல்லாம் போச்சு. அங்கே மிகுந்த கவனம் வேண்டும்.

பாட்டிக்கு நல்ல சிரை இல்லை, இதயமும் பலவீனம். முழங்காலுக்குக் கீழே ஒரு குழாயைப் பலூனால் மட்டும் திறந்தார்கள். சுண்டுவிரல் போயிற்று. பாதம் இருக்கிறது. ஊன்றுகோலோடு கோயிலுக்குப் போகிறார்.

பணமும் இதில் இருக்கிறது

அமெரிக்காவின் முதியோர் காப்பீடான மெடிகேர் கணக்கை 2021-ல் ஆராய்ந்தார்கள். 2019-ல் தொடை, முழங்கால் குழாய்களுக்கு முதன்முறையாகக் கத்தீட்டர் சிகிச்சை பெற்ற 58,552 பேரில் 53.8 சதவீதம் பேருக்குச் சுரண்டல் செய்யப்பட்டிருந்தது. ஒருவருக்குக்கூடச் செய்யாத டாக்டர்களும் இருந்தார்கள், வந்த எல்லோருக்கும் செய்தவர்களும் இருந்தார்கள். அந்தச் சிகிச்சைகளுக்குக் கொடுத்த பணத்தில் 90 சதவீதம் சுரண்டல் சேர்ந்தவற்றுக்கே போனது. அங்கே ஆஸ்பத்திரிக்கு வெளியே சொந்த மையத்தில் செய்தால் இந்தச் சிகிச்சைக்குப் பலூனைவிடப் பல மடங்கு கட்டணம் கிடைக்கும். நோய் டாக்டருக்கு டாக்டர் அப்படி மாறாது. நம் ஊர்க் காப்பீட்டு முறை வேறு, ஆனால் கருவிக்கான பில் இங்கேயும் தனியாக ஏறுகிறது. என்னோடு வேலை பார்க்கும் டாக்டர்களில் பெரும்பாலானவர்கள் மனசாட்சியோடு செய்கிறவர்கள், அவர்களுக்கு இந்தக் கேள்வி கோபம் தராது: "டாக்டர், பலூன் மட்டும் போட்டால் என் காலில் என்ன குறையும்? சுரண்டுவது எதற்கு?" சுண்ணாம்பு, மூட்டு மடிப்பு, பழைய ஸ்டென்ட் என்று உங்கள் படத்தைக் காட்டிக் காரணம் சொன்னால் நம்பிப் போகலாம். "இதுதான் லேட்டஸ்ட்" என்பது மட்டுமே காரணம் என்றால், படங்களை சிடியில் வாங்கிக்கொண்டு இன்னொருவரைப் பாருங்கள்.

பட்டறைக்காரர் 12 வாரம் நடந்தார். பீடியை முதல் மாதத்தில் இரண்டு தடவை விட்டு, மூன்றாவது தடவை நிஜமாகவே விட்டார். இப்போது ஒரே மூச்சில் 600 மீட்டர் போகிறார். கணுக்கால் எண் 0.56-லிருந்து 0.6 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அடைப்பு அப்படியே இருக்கிறது. அவருக்கு வேண்டியது பட்டறைக்கு நின்று நின்று போகாமல் இருப்பது, அது கிடைத்துவிட்டது.

கத்தீட்டர்தான் என்று முடிவானால்

முன்கூட்டியே கிரியாட்டினின் பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை அது. ஏற்றுகிற சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை, சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் அதிகம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முடிந்ததும் தொடை இடுக்கை நாங்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்போம். அந்தக் காலை மடக்காமல் சில மணி நேரம் படுக்க வேண்டும். இருமல் வந்தால் அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு இருமுங்கள். அங்கே வீக்கம் வளர்ந்தாலோ, அடிவயிறோ முதுகோ வலித்துத் தலை சுற்றினாலோ உடனே சொல்லுங்கள். ரத்தம் உள்ளுக்குள் கசியலாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை, பல் பிடுங்கப் போகிறீர்கள் என்றாலும்கூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வீட்டுக்குப் போன பிறகு தினமும் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒரு கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, வலித்து, மரத்துப் போனால் குழாய் மூடிக்கொண்டது என்று அர்த்தம். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். மரத்த காலில் சூடு தெரியாது, வெந்துவிடும். தைலம் தேய்க்க வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தசை தாங்குவது ஏறக்குறைய ஆறு மணி நேரம். இரவு ஒரு மணி என்றாலும் 108-ஐக் கூப்பிட்டு, ரத்தநாளப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.